3440இல் தெரியும் மேடு: படிகத்தின் ஹைட்ரஜனா, காற்றின் ஈரமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நீர்வெப்ப முறையில் (உயர் அழுத்தச் சுடுநீர்க் கரைசலில்) வளர்த்த துத்தநாக ஆக்சைடு ஒற்றைப் படிகத் தகடு ஒன்று வாங்கினோம், 10 மி.மீ. சதுரம், அரை மி.மீ. கனம். ஒரு மூலையைப் பொடித்து, பொட்டாசியம் புரோமைடுடன் வில்லையாக அழுத்தி எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தேன். அலையெண் (ஒரு செ.மீ.க்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 3440இல் அகன்ற மேடு, 1630இல் சின்ன மேடு. ஹைட்ரஜன் குறைபாடு, அதாவது படிகத்துக்குள் மாசாகப் புகுந்த ஹைட்ரஜன், என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பார்த்தது தண்ணீர்.

அந்த 1630தான் காட்டிக்கொடுக்கிறது. நீர் மூலக்கூறின் இரண்டு ஹைட்ரஜனும் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடும் அசைவு அது. படிகத்துக்குள் ஒற்றை ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ஒற்றை ஹைட்ரஜனுக்கு அந்த அசைவே கிடையாது. பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுக்கும் உப்பு. படிகப் பொடி எதுவும் சேர்க்காமல் வெறும் வில்லை ஒன்று அழுத்திப் பாருங்கள், அதே இரண்டு மேடும் வரும். ஐப்பசி அடைமழையில் எடுத்த வில்லைகளில் இந்த மேடு பெரிதாவதைப் பார்த்து, மாதிரியில் ஏதோ மாறிவிட்டதென்று நானும் சில வாரங்கள் அலைந்திருக்கிறேன்.

சரி, உண்மையான குறைபாடு எப்படித் தெரியும்? துத்தநாக ஆக்சைடு படிகத்தின் சொந்த அதிர்வுகள் 600க்குள் அடங்கிவிடும். ஹைட்ரஜன் மிக லேசான அணு. அது ஆக்சிஜனோடு பிணைந்து அதிரும்போது 3000ஐத் தாண்டும். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் மெல்ல அசைந்து நகரும், அதில் தொங்கும் சின்ன மணி தன் போக்கில் படபடவென்று அடிக்கும், அல்லவா? அப்படித்தான். அவ்வளவு வேகத்தில் படிகத்தால் அசைய முடியாது. ஆகவே அந்த அதிர்வு பரவாமல் அதே இடத்தில் தங்கிவிடும். அதனால்தான் நிறமாலையில் மேடாக இல்லாமல், ஊசி போன்ற கோடாக வருகிறது.

நீர்வெப்பப் படிகத்தில் தேட வேண்டிய கோடு 3577. வளர்ப்புக் கரைசலிலிருந்து நுழைந்த லித்தியம் துத்தநாகத்தின் இடத்தில் உட்கார, பக்கத்து ஆக்சிஜனில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. 3577 என்பது மிகக் குளிர்ந்த நிலையின் மதிப்பு. அறை வெப்பத்தில் கோடு கீழே இறங்கி அகன்றுவிடும். குளிர்விக்கத் திரவ நைட்ரஜனே நல்ல தொடக்கம், மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற இடங்களில் வைத்திருப்பார்களே, அதே சரக்குதான். ஆனால் வெற்றிடக் கலம் இல்லாமல் குளிர்வித்தால் தகட்டின் மேல் பனி படியும், மறுபடியும் தண்ணீர் மேடுதான் வரும்.

அப்புறம் திசை. அந்த ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு படிகத்தின் முதன்மை அச்சான சி அச்சுக்கு இணையாக நிற்கிறது. உங்கள் தகடு சி அச்சுக்குச் செங்குத்தாக வெட்டியதென்றால், முகத்தின் வழியே நேராக ஒளி விட்டால் கோடு ஏறக்குறைய மறைந்துவிடும். விளிம்பை மெருகிட்டு, பக்கவாட்டில் விடுங்கள், அரை மி.மீ.க்குப் பதில் 10 மி.மீ. பாதையும் கிடைக்கும். கருவியை உலர்ந்த நைட்ரஜனால் நிரப்ப மறக்காதீர்கள். காற்றிலுள்ள நீராவியும் 3500க்கு மேல் ஊசி ஊசியாகக் கோடு தரும். கோடு கூர்மையாக இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது.

தேர்வாளர் வாயடைக்கும் சான்று டியூட்டீரியம்தான், அதாவது இரு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜன். படிகத்தை டியூட்டீரியம் வாயு நிறைந்த மூடிய குவார்ட்ஸ் குழாயில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், 2644இல் புதுக் கோடு முளைக்கும். இரண்டின் விகிதம் 1.35. எடை கூடியதால் அதிர்வு தணிகிறது. ஹைட்ரஜன் தவிர வேறெந்த அணுவும் இந்தக் கணக்குக்குள் வராது. தீப்பிடிக்கும் வாயு என்பதால் அதற்கான வசதியுள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள்.   

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், இந்தப் படிகத்தில் ஹைட்ரஜன் இரு வேலை செய்கிறது. லித்தியத்தின் பக்கத்தில் இருந்தால் அதை அடக்கும். தனியே இருந்தால் எலக்ட்ரானைக் கொடுத்து மின்கடத்தலைக் கூட்டும் என்று 2000இல் இயற்பியலாளர் கிறிஸ் வான் டி வாலே கணக்கிட்டுக் காட்டினார். உங்கள் மின்தடை அளவுகளுக்கு விளக்கம் எழுதும்போது எது எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

மிச்சமிருக்கும் தகட்டைத் தயவுசெய்து பொடிக்காதீர்கள்.