பழைய காரில் பேட்டரி இறங்குவது ஏன்? கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாகன மின்வேலை செய்து வருகிறேன். பழைய வண்டிகளை விற்க மனமில்லாமல் வைத்துப் பராமரிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நல்ல பேட்டரிகள் குற்றவாளிகளாக்கப்பட்டுத் தூக்கி எறியப்படுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் எந்தப் பதிலிலும் முதலில் அளந்து பார்க்கத்தான் சொல்வேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கையில் இருந்தால் போதும்.

கேள்வி (தஞ்சாவூர், மாருதி 800, கார்புரேட்டர் வண்டி): வாரத்தில் ஒரு நாள்தான் காரை எடுக்கிறேன். நான்கு நாட்கள் நின்றாலே செல்ஃப் எடுப்பதில்லை. ஓராண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். கடையில் சோதித்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். முதலில் பேட்டரியையும் வண்டியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். பேட்டரியை வெளியே எடுத்து முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, நான்கைந்து மணி நேரம் ஓய்வாக வைத்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது; 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. பிறகு வண்டியில் பூட்டாமலே இரண்டு நாட்கள் வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். தனியாக இருந்தும் இறங்கினால் கோளாறு பேட்டரிக்குள். இறங்காமல் நின்றால் வண்டிக்குள் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க, சாவியை எடுத்துவிட்டு, எல்லாக் கதவுகளையும் மூடி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கவே கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் மீட்டர் கருகிவிடும். உங்கள் வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால், கடிகாரமும் ஸ்டீரியோவின் நினைவகமும் எடுக்கும் 0.01 அல்லது 0.02 ஆம்பியருக்கு மேல் எதுவும் காட்டக் கூடாது. பிற்காலத்து வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் உறங்கப் போவதற்கு அரை மணி நேரம் வரை காத்திருந்து அளக்க வேண்டும்; அவற்றில் 0.05 ஆம்பியர் வரை இயல்பு.

அதற்கு மேல் காட்டினால், மீட்டரைப் பார்த்தபடியே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் ஒழுக்கு. எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் எண் விழவில்லை என்றால், ஃபியூஸ் வழியாகப் போகாத ஆல்டர்னேட்டரையும் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) பின்னாளில் நேரடியாக இழுத்து மாட்டிய கருவிகளையும் சந்தேகியுங்கள். ஸ்டீரியோ மாட்டியவர்கள் நினைவகத்துக்கான மஞ்சள் ஒயரையும் சாவியோடு வேலை செய்ய வேண்டிய சிவப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கி நேரடி இணைப்பில் கொடுத்துவிட்டுப் போயிருப்பதை எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

அவரே மீண்டும்: சொன்னபடி செய்தேன். மீட்டர் 0.42 ஆம்பியர் காட்டியது. உள் விளக்குக்கான ஃபியூஸை எடுத்ததும் 0.01-க்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லையே?

பதில்: உங்கள் எண்ணே விடையைச் சொல்லிவிட்டது. 5 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் எடுப்பது சரியாக அந்த 0.42 ஆம்பியர்தான். ஒரு நாளைக்கு அது 10 ஆம்பியர் மணி. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர் மணி என்றால் மூன்றரை நாளில் காலி. நீங்கள் சொன்ன நான்கு நாட்களுடன் இது பொருந்துகிறது. முன்பு வைத்திருந்தவர் யாரோ டிக்கியில் விளக்குப் போட்டிருக்கக் கூடும். கைப்பேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு, அதை டிக்கிக்குள் வைத்து மூடி, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். வீடியோவில் வெளிச்சம் இருந்தால், மூடி அழுத்த வேண்டிய சுவிட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. இருட்டாகவே இருந்தால், அதே ஃபியூஸிலிருந்து பிரிந்து செல்லும் மற்ற ஒயர்களைப் பின்தொடருங்கள்.

கேள்வி (சென்னை, டைனமோ உள்ள பழைய அம்பாசடர்): சிக்னலில் நிற்கும்போது அம்மீட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் மீட்டர்) முள் மைனஸ் பக்கம் போகிறது, ஹெட்லைட் மங்குகிறது. டைனமோவை மாற்ற வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வது நோய் அல்ல, ஆல்டர்னேட்டருக்கு முந்திய காலத்துச் சார்ஜ் கருவியான டைனமோவின் இயல்பு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவால் பேட்டரியை மிஞ்சிய வோல்ட்டேஜைத் தர முடியாது. அந்த நேரத்தில் கட்-அவுட் (டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) திறந்து டைனமோவைத் துண்டித்துவிடும், முழுச் சுமையும் பேட்டரி மேல் விழும். வேகம் கூடியதும் முள் பிளஸ் பக்கம் வந்தால் டைனமோ நலமாகவே இருக்கிறது. அந்தக் காலத்து டைனமோக்கள் தருவது அதிகபட்சம் 20 ஆம்பியரைச் சுற்றித்தான். அன்றைய இரவுப் பயணத்துக்கு அது போதுமாக இருந்தது, இன்றைய நகர நெரிசலுக்கு அது போதாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இன்ஜினை அணைத்த பிறகும் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டால், கட்-அவுட்டின் பாயிண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று பொருள். பேட்டரி அப்போது டைனமோவை மோட்டாராகச் சுற்ற முயலும்; பெல்ட் பிடித்திருப்பதால் அது சுற்ற முடியாமல் சூடாகிக் காயில் கருகும். ஒரு கணமும் தாமதிக்காமல் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

தினமும் ஓட்டும் வண்டி என்றால் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிடுவதே என் பரிந்துரை. அப்படியே மூலவடிவில் பாதுகாக்க விரும்பினால் டைனமோவை விட்டுவைத்து, பின்விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றிச் சுமையைக் குறையுங்கள். எதைச் செய்வதற்கு முன்பும் பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் ஆல்டர்னேட்டரையோ ஸ்டீரியோவையோ இணைத்தால் இணைத்த நொடியிலேயே அது பாழாகிவிடும்.

கேள்வி (நாகப்பட்டினம், டீசல் ஜீப்): பேட்டரி புதியது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது.

பதில்: கடலோர ஊர் என்றதுமே எனக்கு எர்த் ஒயர்தான் நினைவுக்கு வருகிறது. இன்ஜின் ரப்பர் தாங்கிகள் மீது உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு தடித்த பின்னல் ஒயர் கட்டாயம் வேண்டும். உப்புக் காற்றில் அது பச்சை பூத்து, பார்வைக்கு முழுசாகவும் உள்ளே உளுத்தும் இருக்கும். விளக்கு எரிய ஒன்பது பத்து ஆம்பியர் போதும், அது அந்த ஒயருக்குள் போகாமல் பாடி வழியாகவே திரும்பிவிடும். செல்ஃப் மோட்டாருக்கோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சூடானால், எர்த் கிடைக்காத மின்சாரம் அந்தக் கம்பி வழியாகத் திரும்ப வழி தேடுகிறது.

உறுதி செய்ய, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம்; ஒரு வோல்ட்டை நெருங்கினால் அந்தப் பாதை கெட்டுவிட்டது. பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டார் வரையிலும் இதேபோல் அளக்கலாம், அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் சோலனாய்டின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) உள்தொடுகைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கும்.

கேள்வி (ஈரோடு): சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரிய வேண்டிய பேட்டரி விளக்கு எரிவதே இல்லை. வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏறுவதில்லை. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?

பதில்: அந்தச் சின்ன பல்பை முதலில் மாற்றிப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்தெழத் தேவையான முதல் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு போயிருந்தால் ஆல்டர்னேட்டர் நலமாக இருந்தும் உறங்கிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (மதுரை): ஆல்டர்னேட்டரைப் பழுது பார்த்ததிலிருந்து காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது. இரவு முழுவதும் நின்ற பிறகும் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் இலேசான சூடு தெரிகிறது. மெக்கானிக், இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்றார்.

பதில்: அந்தச் சூடே போதிய சாட்சி. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு ஒன்று கசிகிறது. ஒருபக்கம் மட்டுமே மின்சாரத்தை விட வேண்டிய அது, நின்ற வண்டியில் பேட்டரியின் மின்சாரத்தைப் பின்னோக்கி விடுகிறது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்புறத் தடித்த ஒயரைக் கழற்றி, அது பாடியில் படாதபடி துணி சுற்றி, பேட்டரியை மீண்டும் இணைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் பேட்டரி இறங்காமல் இருந்தால் முடிவு தெரிந்துவிடும். இன்னொரு வழியாக, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவதும் டையோடு கெட்டதற்கு அடையாளம்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றும் அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள். பேட்டரி என்பது வோல்ட்டேஜின் துள்ளலைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை. அதை உருவிய கணத்தில் எழும் உயர் வோல்ட்டேஜ் டையோடையும், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும். உங்கள் டையோடு அந்தச் சோதனையிலேயே கூடப் போயிருக்கலாம். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என அளந்தாலே போதும்.

கேள்வி (வேலூர்): பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேட்டரியில் தண்ணீர் குறைந்துவிடுகிறது, அழுகிய முட்டை நாற்றமும் வருகிறது. ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ஆசிட் ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, ஆகவே டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். வேலூர் வெயிலிலும் இவ்வளவு விரைவில் குறைவது இயல்பல்ல. ஓடும்போது 14.8 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் கெட்டுப்போய் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றுகிறது. அந்த நாற்றம் இருக்கும்போது பேட்டரி அருகே தீக்குச்சியோ பீடியோ கூடவே கூடாது.

கேள்வி (திருநெல்வேலி): ஹாரன் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. ஒருவர் செப்புக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தார், இப்போது தொந்தரவு இல்லை.

பதில்: இதைப் படித்ததும் அந்தக் கம்பியை எடுத்துவிடுங்கள். ஒயர் எரிவதற்கு முன் தான் எரிந்து உங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் ஃபியூஸ் இருக்கிறது. கம்பி சுற்றிய பத்மினி கார் ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பிடித்து என்னிடம் வந்தது. உள்ளே குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரோடு இணையுங்கள். ஹாரனின் இணைப்பைக் கழற்றிவிட்ட பிறகும் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இப்போது ஒயர்க்கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்து வாருங்கள். பல்பு அணையும் இடத்தில்தான் தோல் உரிந்திருக்கிறது. இன்ஜின் அறையிலிருந்து ஒயர்கள் உள்ளே நுழையும் துளையின் ரப்பர் வளையத்தையும் ஸ்டீயரிங் தண்டின் அடிப்பகுதியையும் முதலில் பாருங்கள்.

கேள்வி (காரைக்குடி): இரண்டு மாதம் வெளியூர் போகிறோம். காரை ஓட்ட யாரும் இல்லை.

பதில்: முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டு, பாடியோடு இணைந்திருக்கும் எர்த் ஒயரை மட்டும் கழற்றி, முனையில் படாமல் ஒதுக்கி வையுங்கள். முனைகளில் வெண்பொடி பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உலர்ந்த பின் வாசலின் தடவுங்கள். திரும்பி வந்ததும் வோல்ட்டேஜை அளந்து, 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். இறங்கிப்போன பேட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பட்டும் என்று விட்டால், அதன் மேல் பெருஞ்சுமையை ஏற்றுகிறீர்கள்.