விடுதிக்குப் புறப்படும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளுக்குச் சென்னையில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவள், குடும்பத்தில் முதல் பட்டதாரி. பெட்டி, பாய், பக்கெட் எல்லாம் வாங்கியாயிற்று. இன்னும் என்ன பாக்கி?
– ஒரு தாய், தேவகோட்டை

பக்கெட்டைச் சென்னையிலேயே வாங்கியிருக்கலாம். ஊரிலேயே முடிக்க வேண்டியவை ஆதாரும் வங்கிக் கணக்கும் சான்றிதழ்களும்தான்.

முதலில் ஆதார். அதில் யாருடைய செல்பேசி எண் இருக்கிறது? பெரும்பாலும் அப்பாவுடையது. மகள் கல்லூரி அலுவலக வரிசையில் நிற்பாள், ஓடிபி புதுவயலில் வேலையாக இருக்கும் அப்பாவுக்கு வரும். அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அவள் எண்ணையே இப்போது பதிந்துவிடுங்கள். 15 வயதுக்குப் பிறகு கைரேகை புதுப்பிக்காமல் இருந்தால் அதையும் சேர்த்தே முடியுங்கள்.

அடுத்து வங்கி. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, உதவித்தொகை வந்து விழ அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. "என் கணக்கு என்பிசிஐயில் இணைந்திருக்கிறதா?" என்று வங்கியில் கேளுங்கள், மகளையே கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஆதார் எண்ணுக்கு வரும் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்ற பதிவை வைத்திருக்கும் தேசிய அமைப்புதான் என்பிசிஐ. பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். கல்லூரி வளாகத்து வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போது படிவத்தில் ஒரு கட்டத்தை 'டிக்' செய்துவிட்டால் இணைப்பு அங்கே மாறிவிடும். அப்புறம் பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பணம் வரவில்லை என்று அலைய வேண்டியதுதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இப்படித்தான் பலருக்கு வேறு கணக்கில் கிடக்கிறது. அந்தத் திட்டத்துக்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த வாரமே அலுவலகத்தில் விசாரிக்கட்டும்.

ஒதுக்கீட்டு ஆணையையும் ஒருமுறை படியுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த இடமானால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பணம் கட்டும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பழையதாக இருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே புதிதாக விண்ணப்பியுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால், கொடுக்கும் முன் இரு பக்கமும் நகல் எடுங்கள். எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க வழியிருக்காது. இனிஷியலும் தகப்பனார் பெயரும் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சுவீகாரம் போன பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் இந்தச் சிக்கல் அதிகம்.

கேள்வி: பேரனுக்கு என்ன பலகாரம் கொடுத்துவிடலாம்? ஒரு மாதம் தாங்க வேண்டும்.
– ஓர் அப்பத்தா, கண்டனூர்

ஒரு மாதம் தாங்குவது இருக்கட்டும் அப்பத்தா, அறையில் நாலு பேர் இருந்தால் டப்பா திறந்த அன்றே காலி! அதனால் ஒரே தூக்கில் போடாமல் கால் கிலோ, அரைக் கிலோவாகத் தனித்தனிப் பொட்டலம் கட்டுங்கள்.

தேன்குழலும் மாவுருண்டையும் நன்றாக இருக்கும். மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும், ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். சீப்புச்சீடையில் தேங்காய்ப்பால் சேர்கிறது. அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். சுட்ட எண்ணெயிலேயே மறுபடி சுட்டாலும் அதே கதிதான். சூடு முழுக்க ஆறாமல் மூடினால் ஆவி உள்ளேயே வியர்த்து முறுக்கு நமுத்துப்போகும். வெள்ளைப் பணியாரம் வேண்டவே வேண்டாம், லீவுக்கு வரும்போது சுட்டுப் போடுங்கள்.

பலகாரத்தைவிட அவனுக்கு உதவப்போவது பருப்புப் பொடிதான். மெஸ் சாம்பார் வாய்க்கு ஆகாத நாளில் அதுவே சாப்பாடு. தேங்காய் சேர்க்காமல் அரையுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது என்று அவனிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் மகனை வரச் சொல்லலாமா?
– ஒரு தகப்பனார், பள்ளத்தூர்

கணக்குப் போட்டுக் கூப்பிடுங்கள். பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். பருவத்தில் 90 வேலை நாள் என்றால் மொத்தமே 22 நாள்தான் விடலாம். காய்ச்சல், தாமதம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், பங்குனி உத்திரம், முன்னோருக்குப் போடும் படைப்பு, நாலு கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் வந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் முதல் இரண்டு மாதம் கூப்பிடவே வேண்டாம். ஆங்கிலத்தில் பாடம் காதுக்குப் பழகுகிற காலம் அது.

தீபாவளி மட்டும் விலக்கு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பண்டிகை நாட்களுக்குச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கல்லூரி சேர்ந்ததும் நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள், காலை 8 மணிக்குத் தயாராக இருங்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டுக்கு முன்பதிவு சில நாள் கழித்துத்தான் திறக்கும். அதை மறந்துவிட்டுக் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் நள்ளிரவில் நிற்பவர்கள்தான் அதிகம்.