சுகர் கால் புண்ணுக்கு மின்காந்த சிகிச்சைன்னா என்ன, அது புண்ணை ஆத்துமா?

ஒரு காயிலுக்குள்ள, அதாவது கம்பிச் சுருளுக்குள்ள, கரண்ட்டை விட்டு விட்டு அனுப்புவாங்க, அதனால மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம் கட்டுத் துணியைத் தாண்டிப் போய் புண்ணு இருக்கிற சதைக்குள்ள ரொம்ப லேசா கரண்ட்டை உண்டாக்கும். இன்டக்‌ஷன் அடுப்பு தொடாமலே பாத்திரத்துக்குள்ள கரண்ட் வரவைக்குதுல்ல, அதே தத்துவம்தான், இங்க பெரும்பாலும் சூடு தெரியாது.

எதுக்கு இதுன்னா, தோல் கிழிஞ்சா அந்த ஓரத்துல இயற்கையாவே சின்னதா ஒரு கரண்ட் ஓடும், அது செல்லுங்களுக்கு வழி காட்டி காயத்தை மூட இழுக்கும், சுகர் புண்ணுல ஆறுற வேலையே மந்தமாயிடுறதால வெளியிலிருந்து தூண்டிப் பார்க்கலாமேன்னு யோசனை. சேராத எலும்பு முறிவுக்கு இந்த சிகிச்சையைப் பயன்படுத்த 1979லயே அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாச்சு. ஆனா கால் புண்ணுக்கு ஆதாரம் பலமா இல்ல. 2019ல வந்த சர்வதேச நீரிழிவு பாத வழிகாட்டுதல், வழக்கமான சிகிச்சையை விட்டுட்டு மின்சாரம், காந்தம்னு போகாதீங்கன்னே சொல்லுது.

மரத்துப்போன காலுல வலி தெரியாம அதே இடத்தையே மிதிச்சுட்டு இருந்தா எந்த மெஷின் வச்சும் ஆறாதுங்க, அந்த இடத்துல பாரம் படாம கட்டு போடணும், ரத்த ஓட்டம் பார்க்கணும், செத்த சதையை எடுக்கணும், சுகரை இறக்கணும். பேஸ்மேக்கர் வச்சவங்க டாக்டர்கிட்ட கேக்காம இது பக்கமே போகாதீங்க.

கடையில விக்கிற காந்தச் செருப்பும் இதுவும் ஒண்ணுன்னு பலபேர் நினைக்கிறாங்க, இல்ல, அதுல இருக்கிறது மாறாத சாதா காந்தம்.