‘கோர்ஸ்’ என்றால் சொரசொரப்பா, கொரகொரப்பா?

‘கோர்ஸ்’ (coarse) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கடலூர்ப் பக்கத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: சார், அகராதியில் கோர்ஸ், ரஃப் இரண்டுக்குமே சொரசொரப்பு என்றுதான் இருக்கிறது. எதை எங்கே போடுவது?

மேல்பரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தால் ரஃப். துகளோ இழையோ பருமனாக இருந்தால் கோர்ஸ். ரசத்துக்கு மிளகை ஒன்றிரண்டாகத் தட்டுகிறோமே, அடைக்குக் கொரகொரப்பாக அரைக்கிறோமே, அதுதான் கோர்ஸ். மைய அரைத்தால் ஃபைன். அகராதிக்காரர்கள் அடுப்படிப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம். தடித்த தலைமுடியும் கோர்ஸ்தான். ஆனால் தேவனாம்பட்டினத்தில் கடல் கொந்தளித்தால் அது ‘ரஃப் சீ’. அங்கே கோர்ஸ் வரவே வராது.

பாலிடெக்னிக் மாணவர்: ‘கோர்ஸ் அக்ரிகேட்’ என்று பாடத்தில் வருகிறதே சார்?

நம்ம ஜல்லிதான். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரவிதிப்படி 4.75 மி.மீ. சல்லடையில் பெரும்பாலும் தங்கிவிடுவது கோர்ஸ், பெரும்பாலும் கீழே இறங்குவது ஃபைன், அதாவது மணல். வழவழவென்று இருக்கும் கூழாங்கல்லும் இந்தக் கணக்கில் கோர்ஸ்தான். தொட்டுப் பார்த்து முடிவு செய்கிற சமாசாரம் இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

முதுநகர் தச்சர்: உப்புத்தாளில் 60, 220 என்று நம்பர் போட்டிருக்கிறதே, எதுங்க கோர்ஸ்?

60. நம்பர் ஏற ஏற நைசாகும்.

விருத்தாசலத்திலிருந்து: கம்பு, சோளத்தை ‘கோர்ஸ் கிரெயின்ஸ்’ என்கிறார்களே, மட்டமான தானியம் என்று அர்த்தமா?

நேரடியாக அப்படி இல்லை. ஆனால் அரிசி, கோதுமைக்குக் கீழே என்ற வாடை அதில் அடிக்கத்தான் செய்கிறது. 2018-ல் மத்திய அரசு சிறுதானியங்களை ‘நியூட்ரி சீரியல்ஸ்’ என்று அறிவித்தது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த எனக்குப் பழைய பெயர் ஒருநாளும் பிடித்ததில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ‘கோர்ஸ் லாங்குவேஜ்’?

பச்சையான, கொச்சையான பேச்சு. ஆளைச் சொன்னால் நயம் தெரியாதவர் என்று அர்த்தம். ஆபீஸ் கடிதத்தில் யாரையும் அப்படி எழுதிவிடாதீர்கள்.

பண்ருட்டியிலிருந்து: அப்போ நாம் சேர்ந்து படிக்கிற கோர்ஸ்?

உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்து வேறு. படிப்பில் ஓ-வுக்கு அடுத்து யூ, இதில் ஏ. விண்ணப்பத்தில் மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் சிவப்புக்கோடு போடாது. இரண்டுமே சரியான சொல்தானே!