அம்மாவுக்கு வீட்டுக்குத் தாதி வர யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 74 வயது, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்பொன்சரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒப்பரேசன் முடிந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வந்து 10 வருடம் ஆகாமல் வீட்டுக்குத் தாதி வரமாட்டார், வந்தாலும் ஸ்பொன்சர் செய்தவருக்கு பில் வரும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஒருவர் 600 டொலர் தந்தால் பேப்பர் வேலை முழுக்கச் செய்து தருகிறேன் என்கிறாராம்.

சகோதரி, முதலில் அந்த 600 டொலரைக் கொடுக்காதீர்கள். அவர் செய்யப் போவது ஒரு ஃபோன் கோல். அதை நீங்களே எடுக்கலாம்: 310-2222, முன்னால் ஏரியா கோட் தேவையில்லை. வீட்டுக்குத் தாதியை அனுப்பும் ஒன்ராறியோ மாகாண அமைப்பின் எண் அது, ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் என்று 2024 ஜூன் முதல் அதற்குப் பெயர். டொக்டரின் கடிதம் வேண்டும் என்றில்லை, மகள் பேசினாலே போதும். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறார், வார்டிலேயே கெயார் கோர்டினேட்டர் (தேவையைக் கேட்டறிந்து வீட்டுச் சேவையை ஒழுங்குசெய்பவர்) வேண்டும் என்று இன்றைக்கே கேளுங்கள். உங்கள் அம்மா நிரந்தர வதிவிட உரிமையோடு வந்தவர், கையில் ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) கார்ட் இருக்கும், அது போதும். தாதி, பிசியோதெரபி, குளிக்கவைத்து உடை மாற்றிவிடும் பி.எஸ்.டபிள்யூ, எதற்கும் கட்டணம் இல்லை.

அந்த 10 வருடம் முதியோர் ஓய்வூதியத்துக்கானது. ஸ்பொன்சர் செய்யும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட 20 வருடப் பொறுப்பு, அம்மா வெல்ஃபெயர் (அரசின் உதவிப்பணம்) எடுத்தால் அந்தக் காசை உங்களிடம் திருப்பிக் கேட்பதற்கானது. வீட்டுக்கு வரும் தாதி மருத்துவச் சேவை, வெல்ஃபெயர் அல்ல. பில் வராது.

ஒரே ஒரு விலக்கை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் கடன்படுகிறார்கள். அம்மா சுப்பர் விசாவில் (பெற்றோர், தாத்தா பாட்டி வந்து நீண்டகாலம் தங்கும் விசிட்டர் விசா) வந்திருந்தால் ஓஹிப் இல்லை, இந்த வீட்டுச் சேவையும் இல்லை. விசாவுக்காக வாங்கும் குறைந்தது 100,000 டொலர் காப்புறுதி அவசர சிகிச்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று வாங்குவது, மாதக் கணக்கில் குளிக்கவார்க்க ஆள் அனுப்ப அல்ல. விற்கும் ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும்" என்பார். பழைய சர்க்கரை, பிரஷர் பற்றி பொலிசியில் என்ன எழுதியிருக்கிறது, முதலில் எவ்வளவு உங்கள் கையிலிருந்து போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு இது பொருந்தாது, உங்கள் அம்மம்மாவையோ மாமியாரையோ அந்த விசாவில் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் பொருந்தும்.

சரி, இனி நான் அதிகம் பயப்படும் இடம். கெயார் கோர்டினேட்டர் வந்து கேள்வி கேட்கும்போது நம் அம்மாக்கள் சீலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகள் நல்லாப் பார்க்கிறார்கள்" என்பார்கள். பக்கத்தில் நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டுவீர்கள். அங்கே எழுதப்படுவதை வைத்துத்தான் மணித்தியாலம் தருகிறார்கள்! இரவில் எத்தனை தரம் பாத்ரூமுக்கு எழும்புகிறார், யார் தூக்குகிறீர்கள், நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், பகலில் தனியே இருப்பாரா, எத்தனை படி, எல்லாவற்றையும் அப்படியே சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் "சிறுநீர் அடக்க முடியவில்லை" என்று சொல்வாள்? பல வருடம் வீடு வீடாகப் போன தாதி நான், மகன் அறையை விட்டு வெளியே போன பிறகுதான் பாதிக் கதை வரும்.

கிடைப்பது போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வருபவர் மறுநாள் வரமாட்டார், காலை என்று சொல்லி மத்தியானம் வருவார்கள், தமிழ் பேசுபவர் அமைவது அதிர்ஷ்டம். வயதான பெண்ணை ஒவ்வொரு நாளும் புது முகத்துக்கு முன்னால் உடை களையச் சொல்வது என்ன பராமரிப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெண் பணியாளர்தான் வேண்டும் என்று ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். மணித்தியாலம் குறைத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேன்முறையீடு செய்ய இடமுண்டு.

வோக்கரை அவசரப்பட்டு முழு விலைக்கு வாங்காதீர்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நாளுக்கு இரவலாகத் தருவார்கள். நீண்டகாலம் தேவைப்பட்டால் மாகாணத் திட்டம் 75 வீதம் கட்டும், அதற்கு ஒரு தெரபிஸ்ட் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கடைக்காரர் "முதலில் வாங்குங்கள், பிறகு காசு வரும்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்தால் சனி, ஞாயிறு யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். முதல் தாதி எந்தத் திகதி வருகிறார், காயம் யார் பார்ப்பது, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி தொடர்ந்தால் யார் போடுவது, இந்த மூன்றுக்கும் பதில் கையில் கிடைக்கும்வரை டிஸ்சார்ஜ் பற்றிக் கேட்டுக்கொண்டே இருங்கள்.