மிகக் குறுகிய சுற்றுவழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எல்லாப் புள்ளிகளுக்கும் ஒருமுறை சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மிகக் குறுகிய வழியைக் காண, ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள அடுத்த புள்ளிக்குப் போய்க்கொண்டே இருந்தால் போதாதா?

போதாது. வழியில் விட்டுப்போன புள்ளிகளுக்காகக் கடைசியில் நெடுந்தூரம் திரும்ப வேண்டியிருக்கும். சிதறிய புள்ளிகளில் வழி ஏறத்தாழ 25 விழுக்காடு நீண்டுவிடுகிறது.

கேள்வி: 20 ஊர்களுக்கே வழிகள் எண்ணிலடங்காதவை என்பதால் கணினியாலும் முடியாதாமே?

தவறு. இது ஓயாமல் எழுதப்பட்டு வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 20 ஊர்களுக்குச் சுற்றுவழிகள் சுமார் 600 கோடி கோடி. வினாடிக்கு 100 கோடி வீதம் ஒவ்வொன்றாகச் சோதித்தால் 2 ஆண்டுகள் ஆகும் என்பது சரிதான். ஆனால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை. ஹெல்டு, கார்ப் ஆகியோர் 1962-இல் வெளியிட்ட முறையில் அந்த வேலை 40 கோடிப் படிகளில், அதே வேகத்தில் ஒரு வினாடிக்குள், முடிந்துவிடும். எண்ணிக்கைதான் கடினத்துக்குக் காரணம் என்றால், அதே 20 புள்ளிகளை மிகக் குறைந்த நீளத்தில் இணைக்கும் மரவடிவை (எங்கும் வளையம் உண்டாகாமல் எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் கிளையமைப்பை) காண்பது இன்னும் கடினமாக இருக்க வேண்டும்; ஏனெனில் அத்தகைய மரங்கள் சுற்றுவழிகளைப் போல் 40 லட்சம் மடங்கு உள்ளன. அதையோ தாளிலேயே சில நிமிடங்களில் கண்டுவிடலாம். டான்ட்ஸிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் 1954-இல் 49 அமெரிக்க நகரங்களுக்கான மிகக் குறுகிய வழியைக் கையால் கணக்கிட்டு நிரூபித்தனர். 2006-இல் இக்கணக்குக்கென்றே எழுதப்பட்ட கான்கார்டு என்ற நிரலின் துணையோடு, ஒரு மின்னணுச் சில்லு வடிவமைப்பின் 85,900 புள்ளிகளுக்கும் தீர்வு நிரூபிக்கப்பட்டது. உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது: புள்ளிகள் எப்படி அமைந்தாலும், அவை பெருகும்போது கணக்கிடும் நேரம் ஒரு பல்லுறுப்புக்கோவையின் (புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கம், கனம் போன்ற அடுக்குகளால் ஆன கோவையின்) அளவை மீறாது என்று உறுதி தரும் முறையை எவரும் கண்டறியவில்லை, அப்படி ஒன்று இருக்க முடியாது என்றும் எவரும் நிரூபிக்கவில்லை.

கேள்வி: என் நிரல் 200 புள்ளிகளுக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடித்துவிட்டது. அடுத்து என்ன செய்வது?

அதைவிடக் குறுகியது இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தூரத்தை நேர்கோட்டில் அளந்தீர்களா, சாலைவழியிலா என்பதும் இல்லை. நல்ல வழி கிடைப்பது வேறு, அதற்குக் கீழே இறங்க முடியாது என்று கீழெல்லையை நிறுவுவது வேறு என்று முன்பும் எழுதியிருக்கிறேன். முதலில் கீழெல்லையைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: வரைந்த வழியில் இரு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. சரியா?

சமதளத்தில் நேர்கோட்டுத் தூரம் என்றால் சரியன்று. வெட்டும் இரண்டையும் நீக்கி மாற்றி இணைத்தால் நீளம் குறையும். வெட்டு இல்லாததாலேயே வழி மிகக் குறுகியதாகிவிடாது.

கேள்வி: இதில் இந்தியர் பங்களிப்பு உண்டா?

உண்டு. வங்காளச் சணல் பரப்பளவுக் கணக்கெடுப்பில், மாதிரி நிலங்களுக்கிடையே பணியாளர் பயணம் செய்யும் செலவை மதிப்பிடப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1940-லேயே இக்கணக்கை ஆராய்ந்தார். வழியின் நீளம் புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது: அதே பரப்பில் புள்ளிகளை 4 மடங்காக்கினால் நீளம் ஏறத்தாழ 2 மடங்குதான் ஆகும்.