சோழிக்கு எத்தனை பேரு? கடல் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது. கடலைப் பத்திப் படிக்கணும், புக்கு எங்க, வெப்சைட் எது, எதை நம்புறது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: ஜுவாலஜி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் சார். லைப்ரரில கடல் சம்பந்தமான புக்கெல்லாம் எந்த ஷெல்ஃப்ல இருக்குன்னே புரியல. கடலியல்னு போர்டு போட்ட இடத்துல நாலே நாலு புக்குதான், அதுல மீன் பத்தி ஒண்ணுமே இல்ல. அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லம்மா. நீங்க ஒரு ஷெல்ஃபைப் பாத்துட்டு வந்துட்டீங்க, மிச்சம் ஒரு பத்து ஷெல்ஃப்ல சிதறிக் கிடக்கு. டியூவி முறையில, அதாவது ஒவ்வொரு துறைக்கும் ஒரு நம்பர் குடுத்து அடுக்குற லைப்ரரில புக்கை எதைப் பத்தினதுன்னு மட்டும் பாத்து வைக்க மாட்டாங்க, எந்தத் துறைக்காரங்க எழுதினதுன்னு பாத்து வைப்பாங்க. கடல் தண்ணியோட உப்பு, நீரோட்டம், அலை, கடலடி மண்ணு இதெல்லாம் புவியியல் பக்கம் சேர்ந்து 551.46க்குப் போயிடும், நீங்க பாத்த நாலு புக்கு அதுதான். கடல் சூழலியல் 577.7, பொதுவா கடல் உயிரினங்கள்னா 578.77, கடல் விலங்குகள் 591.77, பாசி 579.8, சிப்பி சங்கு கணவாய் எல்லாம் 594, நண்டு இறால் 595.3, மீன் 597, ஆமையும் அதே 597ல உள்ள தள்ளி, திமிங்கலம் டால்ஃபின் 599.5. மீன்பிடித் தொழில்னா ரொம்பத் தூரம், 639.2, அது விவசாயத்துக்குப் பக்கத்துல. ஒரே மீனைப் பத்தின ரெண்டு புக்கு, ஒண்ணு அதோட உடம்பைப் பத்தி, இன்னொண்ணு அதைப் பிடிக்கிறதைப் பத்தின்னா, ரெண்டும் வேற வேற வரிசையில இருக்கும், சில லைப்ரரில வேற மாடியில கூட.

உங்க காலேஜ்ல நம்பருக்குப் பதிலா எழுத்து போட்டிருந்தா அது அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரி முறை. அதுல கடலியல் ஜி.சி, கடல் உயிரியல் க்யூ.எச். 91, விலங்குகள் க்யூ.எல்.

இன்னொரு வேலை பண்ணுங்க. பிடிச்ச ஒரு புக்கு கிடைச்சா கம்ப்யூட்டர் கேட்டலாக்ல அந்தப் புக்கோட பக்கத்தைத் திறந்து, சப்ஜெக்ட்னு போட்டு ரெண்டு மூணு வரி இருக்கும் பாருங்க, அதைத் தட்டுங்க. நம்மளா ஒரு வார்த்தையை யோசிச்சுத் தேடுறதை விட இது நூறு மடங்கு நல்லா வேலை செய்யும், ஏன்னா அந்த வரியை எழுதினது ஒரு கேட்டலாகர், அவங்க அதே மாதிரி எல்லாப் புக்குக்கும் அதே வார்த்தையைத்தான் போட்டிருப்பாங்க. அப்புறம் இல்லாத புக்கை வேற லைப்ரரில இருந்து வரவழைச்சுத் தருவாங்களான்னு கவுண்டர்ல வாய் விட்டுக் கேளுங்க. வேர்ல்ட்கேட்னு ஒரு தளம் இருக்கு, எந்த லைப்ரரில எந்தப் புக்கு இருக்குன்னு உலகம் முழுக்கத் தேடிக் காட்டும், அதுல பாத்துட்டுப் போய்க் கேட்டா மறுக்க அவங்களுக்கும் கஷ்டம்.

கேள்வி: ரிட்டையர் ஆயிட்டேன், இனிமே ஆசைக்குப் படிக்கலாம்னு. பழைய கடல் புக்கு ஒரு பெட்டி நிறைய கிடைச்சிருக்கு, 1950, 60கள்ல வந்தது. படிக்கலாமா, இல்ல காலாவதியா?

படிக்கலாம் ஐயா, ஆனா எதுக்குப் படிக்கிறோம்னு தெரிஞ்சு படிக்கணும். பழைய புக்கோட வயசை அட்டையைப் பாக்காமலே கண்டுபிடிக்க நான் ஒரு வழி வச்சிருக்கேன். பின்னாடி இண்டெக்ஸைத் திறங்க. தட்டுப் புவியியல், அதாங்க கண்டத் தட்டுகள் நகருதுன்னு சொல்ற விஷயம், அது இல்லன்னா அந்தப் புக்கு 1960களோட கடைசிக்கு முன்னாடி எழுதினது, கடலடி ஏன் அப்படி இருக்குன்னு அது சொல்ற காரணத்தைத் தாண்டிப் போயிடுங்க. கடலடி வெந்நீர் ஊற்று இல்லன்னா 1977க்கு முன்னாடி, ஏன்னா கலாபகோஸ் தீவுகள் பக்கம் ஆல்வின்னு ஒரு ஆய்வு நீர்மூழ்கில இறங்கி அதைப் பாத்ததே அந்த வருஷம்தான், வெயிலே படாத இடத்துல ரசாயனத்தை வச்சே ஒரு ஊரு மாதிரி உயிர்கள் வாழுதுன்னு அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ப்ரோக்ளோரோகாக்கஸ்னு ஒரு பேரு இல்லன்னா 1980களோட கடைசிக்கு முன்னாடி. உலகத்துல ஒளிச்சேர்க்கை பண்ற உயிர்கள்லயே எண்ணிக்கையில ஜாஸ்தி இதுதான்னு சொல்றாங்க, ஆனா அவ்வளவு சின்னது, அதுவரைக்கும் கண்ணுலயே படல!

அதே பெட்டியில ஓதம் எப்படி ஏறி இறங்குது, நண்டுக்கு எத்தனை கால் எங்க ஒட்டியிருக்கு, பாறைக் கரையில எந்த உயரத்துல எது வாழும், இந்த மாதிரி இருந்தா தாராளமாப் படிங்க, இதுக்கெல்லாம் பழைய ஆளுங்க படம் வரைஞ்ச அழகு இப்ப வர்ற புக்குல இல்லங்கறது என் அபிப்ராயம்.

புதுசுக்கு இலவசமாவே ரெண்டு பாடப்புத்தகம் நெட்ல இருக்கு. பால் வெப் எழுதின அறிமுகப் புக்கு, கணக்கு பயம் உள்ளவங்களுக்கு அதுதான். ராபர்ட் ஸ்டூவர்ட் எழுதினது இயற்பியல் பக்கம், நீரோட்டம், காத்து, வெப்பம், கொஞ்சம் சமன்பாடு வரும். ரெண்டையும் அவங்களே இலவசமா விட்டிருக்காங்க, அதனால மனசாட்சி உறுத்தாம டவுன்லோடு பண்ணலாம்.

கேள்வி: சோழி பத்தி ஒரு ப்ராஜெக்ட். ஒரு புக்குல சைப்ரேயா மொனேட்டான்னு இருக்கு, நெட்ல மொனெடேரியா மொனேட்டான்னு இருக்கு. சங்குக்கும் இதே தலைவலி, ஒரு இடத்துல ஸாங்கஸ், இன்னொரு இடத்துல டர்பினெல்லா. எது சரி? எதைப் போட்டுத் தேடுறது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, கொஞ்சம் நீளமா போகும்.

வேர்ம்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கு, கடல் உயிரினங்களோட உலகப் பேர்ப் பதிவேடு, பெல்ஜியத்துல ஒரு கடல் ஆய்வு நிறுவனம் அதை வச்சு நடத்துது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதுல ஊறின நிபுணர்கள் உக்காந்து பேரைச் சரி பாக்குறாங்க. அதுல சைப்ரேயா மொனேட்டான்னு அடிங்க. இந்தப் பேரு இப்ப செல்லாது, ஏத்துக்கிட்ட பேரு மொனெடேரியா மொனேட்டான்னு காட்டும். சங்குக்கு இப்ப உள்ள பேரு டர்பினெல்லா பைரம், ஸாங்கஸ்ங்கறது பழைய வழக்கு. ஆக உங்க புக்கும் தப்பு இல்ல, நெட்டும் தப்பு இல்ல, நடுவுல பேரு மாறிடுச்சு, அவ்வளவுதான்.

பேருக்குப் பின்னாடி அடைப்புக்குறிக்குள்ள லின்னேயஸ், 1758னு இருக்கும் பாத்திருப்பீங்க. அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்ல. 1758ல லின்னேயஸ்ங்கற விஞ்ஞானி இதுக்குப் பேரு வச்சப்ப வேற பேரினத்துல, அதாவது பேரோட முதல் வார்த்தையை வேறயா வச்சார், அப்புறம் யாரோ மாத்திட்டாங்கன்னு அர்த்தம். அடைப்புக்குறி இல்லாம ஆள் பேரும் வருஷமும் மட்டும் இருந்தா முதல்ல வச்ச பேரினத்துலயே இன்னும் இருக்கு. இதை எனக்கு யாரும் காலேஜ்ல சொல்லித் தரல, பல வருஷம் அச்சுப் பிழைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

இப்ப எதைப் போட்டுத் தேடுறது? எல்லாத்தையும். வேர்ம்ஸ்ல அந்தப் பக்கத்துலயே பழைய பேரெல்லாம் வரிசையா இருக்கும், ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. புது ஆராய்ச்சிக் கட்டுரை வேணும்னா புதுப் பேரு. பழைய புக்கு வேணும்னா பழைய பேரு, ஏன்னா 1890ல எழுதினவருக்கு 2000த்துல என்ன பேரு வைப்பாங்கன்னு எப்படித் தெரியும். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரின்னு ஒண்ணு, பெரிய பெரிய மியூசியம் லைப்ரரிகள் எல்லாம் சேர்ந்து பழைய புக்கை ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்காங்க, அங்க பழைய பேரைப் போட்டாத்தான் கதவு திறக்கும். சேலஞ்சர்னு ஒரு கடல் ஆய்வுக் கப்பல் 1872ல கிளம்பி 1876ல திரும்பி வந்துச்சு, அந்தப் பயணத்தோட அறிக்கை மொத்தம் 50 தொகுதி, எழுதி முடிக்க 1895 ஆயிடுச்சு, அதெல்லாம் அங்க இருக்கு. ராத்திரி திறந்தீங்கன்னா தூக்கம் போச்சு, அந்தக் கல்லச்சுப் படங்களை முதல்ல பாத்துட்டு அப்புறம் எழுத்துக்கு வாங்க.

மீனா இருந்தா ஃபிஷ்பேஸ், மீன் இல்லாத மத்ததுக்கு சீலைஃப்பேஸ், பாசிக்கு ஆல்கேபேஸ். ஃபிஷ்பேஸ்ல ஒரு மீனு எவ்வளவு பெருசு வளரும், எவ்வளவு ஆழம், என்ன சாப்பிடும், எல்லாம் ஒரே பக்கத்துல இருக்கும், அதை விட முக்கியம் ஒவ்வொரு தகவலுக்கும் எந்தக் கட்டுரையில இருந்து எடுத்தாங்கன்னு ஒரு நம்பர் இருக்கும், அதைத் தட்டிப் போங்க. ஃபிஷ்பேஸ்ல பாத்தேன்னு எழுதாம அந்த மூலக் கட்டுரையைப் படிச்சுட்டு எழுதுனா ப்ராஜெக்டோட தரமே வேற.

கேள்வி: ஃபிஷ்பேஸ்ல தமிழ்ப் பேரைப் போட்டுத் தேட முடியுமா?

முடியும், ஆனா தமிழ்ப் பேரைப் பெரும்பாலும் ரோமன் எழுத்துல போட்டு வச்சிருக்காங்க. அதனால ஒரே பேரை நாலு விதமா எழுதிப் பாக்கணும். வஞ்சிரத்தை எத்தனை விதமா எழுதலாம்னு உக்காந்து யோசிங்க. இன்னொரு சிக்கல், ஒரே தமிழ்ப் பேருக்குக் கீழ அஞ்சாறு இனம் வந்து நிக்கும், அதுல படத்தைப் பாத்து நீங்கதான் பிரிக்கணும்.

கேள்வி: எந்தக் கட்டுரையைத் தட்டினாலும் பணம் கட்டுன்னு வருது. என்ன செய்ய?

கட்டாதீங்க, முதல்ல கூகுள் ஸ்காலர்ல தலைப்பைப் போட்டு எல்லா வெர்ஷனும் காட்டுன்னு ஒரு லிங்க் கீழ இருக்கும், அதைத் தட்டுங்க. அன்பேவால்னு ப்ரௌசர்ல போடுற ஒரு சின்ன சாதனம் இருக்கு, சட்டப்படி இலவசமா எங்க இருக்குன்னு காட்டிடும். கடலுக்குன்னே அக்வாடாக்ஸ்னு ஒரு களஞ்சியம், யுனெஸ்கோவோட கடலியல் ஆணையமும் கடல் லைப்ரரியன்களோட சங்கமும் சேர்ந்து நடத்துறது. இதுலயும் இல்லன்னா கட்டுரையை எழுதினவருக்கே மெயில் போடுங்க, ரெண்டே வரி போதும். தன் கட்டுரையை ஒருத்தர் தேடிப் படிக்கக் கேக்குறாங்கன்னா பெரும்பாலும் சந்தோஷமா அனுப்பிடுவாங்க.

கேள்வி: ஏ.ஐ கிட்ட கேட்டா அழகா பத்து ரெஃபரன்ஸ் குடுத்துச்சு. போட்டுக்கலாமா?

ஒவ்வொண்ணையும் திறந்து பாத்துட்டுப் போடுங்க. இல்லாத கட்டுரைக்கு இருக்குற விஞ்ஞானி பேரைப் போட்டுக் குடுக்கும், டி.ஓ.ஐங்கற, கட்டுரையோட அடையாள நம்பர் கூட குடுக்கும், தட்டினா வேற எதுக்கோ போகும்.

கேள்வி: டேட்டா எடுத்து நானே மேப் போடணும். ஓபிஸ், ஆர்கோ, ஜெப்கோன்னு பேரு மட்டும் கேள்விப்பட்டிருக்கேன்.

ஓபிஸ்ங்கறது எந்த உயிரை எங்க எப்ப பாத்தாங்கன்னு புள்ளி புள்ளியா வச்சிருக்குறது. ஆர்கோ வந்து மிதவைகள், சுமார் 4000 மிதவை உலகக் கடல்ல சுத்துது. 1000 மீட்டர் ஆழத்துல மிதந்துட்டு, பத்து நாளைக்கு ஒரு தடவை 2000 மீட்டருக்கு இறங்கி, அங்க இருந்து வெப்பமும் உப்பும் அளந்துக்கிட்டே மேல வந்து சேட்டிலைட்டுக்கு அனுப்பிட்டுத் திரும்ப இறங்கிடும். ஜெப்கோ கடலடியோட மேடு பள்ளம். எல்லாமே இலவசம்.

ஓபிஸ் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், பட்டுத் தெரிஞ்சது. ஒரு தடவை டால்ஃபின் எங்கெங்க இருக்குன்னு அவசரமா டவுன்லோடு பண்ணி மேப் போட்டு ஒரு கூட்டத்துல காட்டிட்டேன், பின் வரிசையில ஒரு பொண்ணு கையைத் தூக்கி அந்த மலை மேல ஒரு டால்ஃபின் இருக்கே அது எப்படி ஏறுச்சுன்னு கேட்டுச்சு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் யாரோ இடம் மாத்திப் பதிஞ்சிருக்காங்க, தப்பு அவங்களோடது, சரி பாக்காதது நான். டேட்டாவுல சந்தேகப் புள்ளிக்கு எச்சரிக்கைக் குறி போட்டிருப்பாங்க, அதைப் பாத்துட்டு நிலத்துல விழுற புள்ளி, ரெண்டு நம்பரும் பூஜ்யமா இருக்குற புள்ளி எல்லாத்தையும் முதல்ல தூக்கிடுங்க. அதை விடப் பெரிய பொறி, புள்ளி இல்லாத இடம். அங்க அந்த உயிர் இல்லன்னு அர்த்தம் இல்ல, பல நேரம் அங்க யாரும் போய்ப் பாக்கலன்னுதான் அர்த்தம். புள்ளி நெருக்கமா இருந்தா பக்கத்துல ஒரு கடல் ஆய்வு நிலையம் இருக்கான்னு பாருங்க, அனேகமா இருக்கும்.

ஜெப்கோவுலயும் அதே கதைதான். அரை கிலோமீட்டருக்கு ஒரு ஆழம்னு உலகம் முழுக்கக் கட்டம் போட்டு வழவழன்னு அழகா இருக்கும், ஆனா கடலடியில கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் நிஜமா அளந்தது. மிச்சம் சேட்டிலைட்ல கிடைச்ச ஈர்ப்பு விசையை வச்சுக் கணக்குப் போட்டது. எது அளந்தது எது கணக்குன்னு சொல்ற தனி ஃபைலும் கூடவே தருவாங்க, அதையும் சேர்த்து எடுத்துக்கங்க. மேப் போட ஓஷன் டேட்டா வியூனு ஜெர்மனியில இருந்து வர்ற சாஃப்ட்வேர், அதுவும் இலவசம், புரோக்ராமிங் தெரிய வேண்டாம்.

கேள்வி: பையனுக்கு ஒன்பது வயசு, திமிங்கலம்னா உயிரு. வீடியோவா பாத்துத் தள்றான். கொஞ்சம் உருப்படியா ஏதாவது சொல்லுங்களேன்.

டாசிட்ஸ்னு ஒரு தளம், கடல்ல கேக்குற சத்தம் மட்டும், திமிங்கலம், இறால் சொடுக்குறது, மழை, கப்பல் எல்லாம் தனித்தனியா கேக்கலாம். படம் காட்டாம சத்தத்தை மட்டும் போட்டு என்னன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க, நீங்களும் தோப்பீங்க. அப்புறம் நாட்டிலஸ், ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர்னு ரெண்டு ஆய்வுக் கப்பல், ஆழ்கடல்ல ரோபோ இறக்குறப்ப நேரலையா காட்டுவாங்க. மணிக்கணக்கா வெறும் சேறுதான் வரும், திடீர்னு ஏதாவது ஒண்ணு நீந்தி வரும், அப்ப அந்த விஞ்ஞானிகளே இது என்னன்னு தெரியலையேன்னு கத்துவாங்க. அதைப் பையன் கேக்கணும்.

திருத்தம்: போன இதழ்ல நட்சத்திர மீன் பத்தின புக்கு 597ல மீன்களோட இருக்கும்னு எழுதிட்டேன். லைப்ரரில வேலை பாக்குற ஒரு வாசகி எழுதியிருக்காங்க: "597ல தேடுனா கிடைக்காது சார், 593.9க்கு வாங்க. பேருல மீன்னு இருந்தா மீன் ஆயிடுமா?" ஆகாதுங்க, மாத்திக்கிட்டேன்.